சக்கரம் சொன்ன சேதி

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை 321 கிலோமீற்றர் நீளமுடையது. உப்பளமும் வன்னிக் காடும் குளக்கட்டும் வயல்வெளியும் கடந்து, ஈற்றில் மாத்தளை மலைச்சாரலில் ஏறி முடியும் இந்தப் பாதையைப் பற்றி எழுதியோர் பலர். பெரும்பாலும் அவர்கள் கண்ணாற் கண்டதையே எழுதினர். நாம் இங்கு காதாற் கேட்டதை எழுத முற்படுகின்றோம். ஆனையிறவிலிருந்து வவுனியா வரை எமது காரின் பின்சக்கரம் ஒன்று எம்மோடு ஓயாது பேசிக்கொண்டே வந்தது. அது என்ன சொல்லிற்று, அதனை நாம் எவ்வாறு விளங்கிக்கொண்டோம் என்பதே இக்கட்டுரையின் பொருள். கார் வைத்திருப்போருக்கும், பிறர் காரில் பின்னாசனத்தில் அமர்ந்து செல்வோருக்கும் இது ஒருவேளை பயன்படக்கூடும்.

எமது கார் ஒரு ‘மொறிஸ் மைனர்’. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1971 வரையில் 16 இலட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையிற் செய்யப்பட்ட இனம். யாழ்ப்பாணத்தாருக்கு இதனை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் மூச்சு விடத் தொடங்கி, பின் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய பழைய ‘ஒஸ்ரின்’களும் ‘மொறிஸ்’களுமே அன்று எங்கள் திருமணங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கைகொடுத்தன. அத்தகைய குடும்பத்துக் கார் ஒன்றில், கதிர்காமக் கொடியேற்றத்தைக் காண நாம் புறப்பட்டோம். நேர்த்தி அம்மாவுடையது. சாரதி ஆசனத்தில் தம்பி, அவனருகே பெரியப்பா, பின்னால் இடப்பக்கத்து யன்னலோரமாக அம்மா, மற்றைய யன்னலோரமாக நாம். முதல் நாள் இரவு கண்டியில் தங்கி, மறுநாள் நுவரெலியா, வெலிமடை, எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, மாலைக்குள் கதிர்காமம் சேர்வது திட்டம். கொடியேற்றத்துக்கு முன் ஒரு நாளேனும் மிச்சம் பிடிக்க வழியிருக்கவில்லை.

இந்த நெடுஞ்சாலை 1990இல் மூடப்பட்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னர் மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது. குண்டுங் குழியுமாயிருந்த காலத்தில் இவ்வழியே சென்றோர் அறிவர்: காரின் ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு விதமாய் அலறும்; அதில் எந்த அலறல் நோயின் அலறல் என்று பிரித்தறிய எவராலும் இயலாது. இப்போது வீதி ‘காபட்’ விரிக்கப்பட்டு வழுவழுப்பாயிருக்கின்றது. பாதை மௌனமாகிவிட்டதனால், கார் சொல்வது காதில் விழுகின்றது. நல்ல வீதி செய்யும் உபகாரங்களுள் இதுவும் ஒன்று.

ஆனையிறவில் இருபுறமும் நீரும் வெளியுமாய், காற்று தடையின்றி வீசும். அந்த வெளியைத் தாண்டிப் பரந்தனை அணுகும்போதுதான் அம்மா முதலிற் சொன்னார்: “மோனை, என்ரை காலுக்குக் கீழை ஏதோ அடிக்குது.”

தம்பி வேகத்தைக் குறைத்தான். ‘டிக், டிக், டிக்’ என்று ஓர் ஒழுங்கான ஓசை. வேகங் குறையக் குறைய அதுவும் ஆறுதலாகியது. கூட்டக் கூட்ட விரைந்தது. இத்தகைய ஓசையைக் கேட்டதும் முதலிற் செய்யவேண்டியது எண்ணிப் பார்த்தலாகும். எமது காரின் சக்கரம் ஒரு முறை சுழன்றால் ஏறத்தாழ 6 அடி செல்லும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு மூன்று முறை சுழலும். எமக்குக் கேட்டதும் செக்கனுக்கு மூன்றே. ஆகவே, ஒரு சுற்றுக்கு ஓர் அடி. சக்கரத்தில் ஓரிடத்தில் மாத்திரம் ஏதோ இருக்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

அடுத்து, ஓசை இயந்திரத்துடையதா, சக்கரத்துடையதா என்பதை அறியவேண்டும். முன்னும் பின்னும் வாகனமில்லாத நேரான சமதரையில், தம்பி கிளச்சை மிதித்துச் சில கணங்கள் காரைத் தன்பாட்டில் ஓடவிட்டான். மலையிறக்கத்தில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. இயந்திரம் தணிந்தது, ஓசை தணியவில்லை. ஆகவே இயந்திரம் இவ்வழக்கிலிருந்து விடுதலையாயிற்று. கிளிநொச்சி நகரில் ஒரு நீண்ட மதிலோரமாக யன்னல்களைத் திறந்து மெல்லச் சென்றபோது, மதிலிற் பட்டுத் திரும்பிய ஓசை இடப்பின் சக்கரத்திலிருந்தே வருவதைத் தெளிவாக்கிற்று.

முறிகண்டியில் வாகனம் நிறுத்தாமற் செல்லும் தமிழன் உளனோ? தமிழர் மாத்திரமன்று, இவ்வழியே லொறியும் பஸ்ஸும் ஓட்டும் எவ்வினத்தவரும் இச்சிறு கோயிலின் முன் நின்று, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்து, உண்டியலிற் சில்லறை போட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் மேற்செல்வர். நாமும் தேங்காய் அடித்தோம். தம்பி மாத்திரம் கோயிலைக் கும்பிட்ட கையோடு சக்கரத்தடியில் குந்திவிட்டான். டயரின் பள்ளத்துள் விரல் நுனியளவில் ஒரு கருங்கற் சல்லி இறுகிக் கிடந்தது. திருப்புளியால் அதனை நெம்பி எடுத்து, எல்லோருக்குங் காட்டினான்.

“அவ்வளவுதான் அலுவல்! கல்லும் போச்சுது, சத்தமும் போச்சுது. வெளிக்கிடுங்கோ,” என்றார் பெரியப்பா, கச்சான் சரையைப் பிரித்தபடி.

பெரும்பாலான பயணங்களில் விடயம் இவ்விடத்தில் முடிந்துவிடும், முடிவதும் உண்டு. ‘டிக், டிக்’ ஓசை உண்மையிலேயே நின்றுவிட்டது. ஆனால், மாங்குளத்தை நோக்கிக் காட்டினூடாகச் செல்லும்போது, அம்மா முன்னாசனத்தைத் தட்டினார்.

“தம்பி, கல்லுச் சத்தம் போட்டுது. அதுக்குக் கீழை இன்னொண்டு கிடக்குது. திரிகையிலை தானியம் போடாமல் வெறுமையாச் சுத்தினா எப்பிடி இருக்கும்? அப்பிடி.”

காதைக் கொடுத்துக் கேட்டோம். ஆம், ‘ஊ...ர்ர்ர்’ என்று ஓர் ஆழ்ந்த முனகல். தட்டும் ஓசை அதனை இதுவரை மறைத்து வைத்திருந்தது. ஒரு நோய்க்கு மருந்து கிடைத்ததும் நோயாளி முற்றாகச் சுகமடைந்தார் என்று எண்ணிவிடுவது மனித இயல்பு. ஆயினும், ஒரே சக்கரத்தில் இரண்டு குறைகள் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. முதலாவது விடை கிடைத்த பின்னரும் கேள்வியைக் கைவிடாதிருப்பதே இவ்வகை ஆராய்ச்சியில் முதன்மையான பாடமாகும்.

திரிகை என்ற சொல்லே எமக்கு வழிகாட்டியாயிற்று. முனகல் ஓசை தரக்கூடியவை நான்கு: ஒழுங்கற்றுத் தேய்ந்த டயர், பின் அச்சின் நடுவே பற்சக்கரங்கள் பொதிந்த ‘டிபரென்சல்’, உராயும் பிரேக், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் குண்டுகளைக் கொண்ட ‘பேரிங்’. இந்நால்வரையும் ஒவ்வொருவராக விசாரித்தல் வேண்டும்.

மாங்குளத்துக்கு அப்பால் ஒரு பெரிய பாலை மர நிழலிற் காரை நிறுத்தினோம். தம்பி இடப்பின் சக்கரத்தைக் கழற்றி, அவ்விடத்தில் மேலதிகச் சக்கரத்தைப் பூட்டினான். சக்கரத்தின் வட்ட மூடிக்குள் கல் ஏதும் கிடக்கின்றதா என்றும் குலுக்கிப் பார்த்தான். அவ்வாறு கிடக்குங் கல் மெதுவாகச் செல்லும்போது உருண்டு சத்தமிட்டு, வேகங் கூடியதும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மௌனமாகிவிடும். மூடி வெறுமையாயிருந்தது. சக்கரத்துச் சுரைகள் யாவற்றையும் இறுக்கினான். மீண்டும் ஓடியபோது முனகல் அப்படியே இருந்தது. டயர் குற்றமற்றது.

கனகராயன்குளத்துப் பக்கத்தில் அடுத்த விசாரணை. வேகத்தை மிதித்துக் கூட்டும்போதும், மிதியிலிருந்து காலை எடுக்கும்போதும் ஓசையின் தன்மை மாறுமாயின் அது டிபரென்சலின் பற்களினது எனலாம். ஏனெனில் இழுக்கும்போது பல்லின் ஒரு பக்கமும், விடும்போது மறுபக்கமும் சுமை தாங்கும். எமது முனகலோ இரண்டு வேளையிலும் ஒன்றுபோலவே இருந்தது. பிரேக்கை மெல்ல அழுத்தினோம். அப்போதும் அது மாறவில்லை. எஞ்சியது பேரிங்.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. கார் வலப்பக்கம் திரும்பும்போது அதன் பாரம் இடச்சக்கரங்களின் மேற் சாயும். இடப்பக்கம் திரும்பினால் வலச்சக்கரங்களின் மேல். ஏ-9 வீதி வன்னியில் கயிறு பிடித்தாற்போல் நேராகச் செல்வதனால், வளைவுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு நீண்ட வலவளைவு வந்தது, முனகல் ஓங்கிற்று. இடவளைவு வந்தது, தணிந்தது. சாய்ந்த பாரத்தைத் தாங்கமாட்டாது முனகியது இடப்பக்கமே. புளியங்குளத்தில் மீண்டும் நிறுத்தி, இரு பின்சக்கரங்களின் நடுவையும் புறங்கையாற் சோதித்தோம். வலப்பக்கம் இளஞ்சூடு, இடப்பக்கத்திலோ கையை வைத்திருக்க இயலவில்லை.

ஓமந்தையைக் கடந்து, வவுனியா நகருக்குச் சற்று முன்பாக வீதியோரத்தில் ஒரு சிறு கராஜைக் கண்டு காரைத் திருப்பினோம். அங்கிருந்த மெக்கானிக் வயதில் இளையவர். எடுத்தவுடன் ஆயுதத்தைத் தொடாமல் கேள்விகளைத் தொடுத்தார். “எங்கை துடங்கினது? வேகத்தோடை கூடுதோ? வளைவிலை மாறுதோ?” நாம் வழிநெடுகச் சேர்த்து வந்த விடைகளைத் தம்பி ஒப்புவித்தான். அவர் தலையசைத்துக் கேட்டார். ஆயினும் அவற்றை மாத்திரம் நம்பிவிடவில்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியில் உயர்த்தித் தாங்கி வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தினார். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பிடித்து ஆட்டியபோது ‘டொக்’ என்று ஓர் அசைவு. பின்னர் ஒரு கையாற் சக்கரத்தைச் சுழற்றி, மறுகையைப் பின்வில்லின் மேல் வைத்தார். “அம்மா, நீங்களும் கையை வையுங்கோ,” என்றார். அம்மா வைத்துப் பார்த்து, “திரிகைதான்,” என்றார். வலப்பக்கச் சக்கரத்தைச் சுழற்றியபோது வில்லில் எந்த அதிர்வும் இல்லை. ஈற்றில் ஒரு நீண்ட திருப்புளியின் நுனியை அச்சிலும் பிடியைத் தமது காதோடும் வைத்துக் கேட்டார். வைத்தியர் நெஞ்சிற் குழாய் வைத்துக் கேட்பது போலவே.

“பேரிங் போட்டுது. ஒரு நாள் வேலை. சாமான் எடுக்கவேணும்.”

பெரியப்பாவின் முகம் வாடிற்று. “தம்பி, இது கொடியேத்தத்துக்குப் போற பயணம். யாழ்ப்பாணத்திலையிருந்து இவ்வளவு தூரம் வந்த கார் கண்டிமட்டும் போகாதே? அங்கை பாப்பம்.”

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. வவுனியா வரையில் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் அது வந்துவிட்டது. முனகும் பேரிங் உடனே உடைந்துவிடுவதுமில்லை. சில சமயம் நெடுந்தூரம் ஓடும். மெக்கானிக் இதனை மறுக்கவில்லை.

“ஓடும், ஐயா. ஆனா தான் மட்டும் கெட்டு ஓடாது; பக்கத்திலை இருக்கிறதையும் கெடுத்துக்கொண்டுதான் ஓடும். பிரேக் ட்ரம்மைக் கழட்டிப் பாப்பம். உள்ளுக்கை காய்ஞ்சிருந்தா உங்கடை விருப்பம். ஈரமா இருந்தா என்ரை சொல்லைக் கேளுங்கோ.”

ட்ரம் கழன்றது. உள்ளே பிரேக் கட்டைகளிரண்டும் எண்ணெயில் தோய்ந்து கறுத்து மினுங்கின.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். எமது காரில், பின் அச்சின் நடுவேயுள்ள எண்ணெய், அச்சுக் குழாய் வழியாகச் சென்று சக்கரத்துப் பேரிங்குக்கும் வழுவழுப்பைத் தருகின்றது. அந்த எண்ணெய் வெளியேறாதபடி ‘ஒயில் சீல்’ என்னும் ஒரு வளையம் காவல் நிற்கின்றது. பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கியதும், அந்த ஆட்டம் காவல் வளையத்தையும் தேய்த்துவிடும். எண்ணெய் கசிந்து பிரேக் ட்ரம்முக்குட் புகும். அங்கு உராய்வினாலேயே தொழில் செய்யவேண்டிய கட்டைகள், எண்ணெய் பட்டதும் பிடிக்காமல் வழுக்கும். சமவெளியில் மெல்ல நிறுத்தும்போது இது தெரியவே மாட்டாது. மற்றைய மூன்று சக்கரங்களும் அந்தக் குறையை மறைத்துவிடும். மலையிறக்கத்திலோ, நிறுத்தாது தொடர்ந்து பிரேக் பிடிக்கவேண்டியிருக்கும் வேளையில், ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கக் கார் தடம் மாறும்; சுமை முழுவதையும் தாங்கும் மற்றைய பிரேக்குகளும் சூடேறித் தளரும்.

எமது பாதையில் இறக்கம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவுக்கு ஏறி, எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கவேண்டும். எல்லவுக்கும் வெல்லவாயவுக்கும் இடையே முப்பது கிலோமீற்றருக்குள் கார் ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகின்றது. ஒருபுறம் மலை; மறுபுறம் கண்ணுக்கெட்டாத பள்ளம். 2025 மே மாதத்தில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் ஒன்று கொத்மலை, கரண்டியெல்லவில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அவற்றின் காரணங்களை ஆராய்வது எம் நோக்கமன்று. இரண்டு இடங்களும் கதிர்காம யாத்திரிகர் செல்லும் மலைப்பாதையில் உள்ளன என்பதும், அங்கே தவறுக்கு இடமில்லை என்பதுமே நாம் சொல்லவந்தவை.

எண்ணெயிற் கறுத்த கட்டைகளைப் பெரியப்பா நெடுநேரம் பார்த்தார். பின்னர் அம்மாவைப் பார்த்தார். நேர்த்தி அவருடையது, முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும் என்று எல்லோரும் பேசாதிருந்தோம். அம்மா தமது கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கராஜ் வாசலிற் கிடந்த வாங்கிலில் அமர்ந்தார். “செய்யுங்கோ, தம்பி,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக் பழைய பேரிங்கைத் துடைத்து எம் கையிற் தந்தார். குண்டுகள் ஓடும் எஃகுப் பாதையில் அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு குழியையும் கடக்கும்போது எழும் சின்னஞ்சிறு தட்டல்கள் ஆயிரக்கணக்கிற் சேர்ந்தே அந்த முனகலாகின்றன. அதன் விளிம்பிற் பொறிக்கப்பட்டிருந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்கு ஆள் போனது. பேரிங், ஒயில் சீல் ஆகிய இரண்டும் புதிதாக வந்தன. பிரேக் கட்டைகளையோ இருபக்கத்துக்கும் சேர்த்தே மாற்றவேண்டும் என்றார். ஒருபக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாயிருந்தால் பிடி சமமாயிராது. எண்ணெய் ஊறிய கட்டையைத் துடைத்துப் பூட்டிவிடலாம் என்பது வீண் சிக்கனம். சூடேறியதும் உள்ளே ஊறியது மீண்டும் வெளியே கசியும். அச்சின் எண்ணெய் மட்டத்தையும் நிரப்பி, வேலை முடிய மறுநாள் நண்பகலாயிற்று. அன்றிரவு வவுனியாவிலேயே தங்கினோம்.

இக்காலத்துப் புதிய கார்களில் பேரிங் எண்ணெய்க் குளியலில் இருப்பதில்லை. மூடி முத்திரையிட்ட ஒரே உறுப்பாக வருகின்றது. பழுதானால் முழுவதையும் கழற்றி மாற்றுவர். ஆயினும் விசாரிக்கும் முறை மாறவில்லை. வேகத்தோடு கூடுகின்றதா, இயந்திரத்தோடு கூடுகின்றதா? சுற்றுக்கு ஒரு தட்டா, இடைவிடாத முனகலா? மிதிக்கும்போது மாறுகின்றதா, பிரேக்கில் மாறுகின்றதா, வளைவில் மாறுகின்றதா? டயரை இடம் மாற்றினால் ஓசையும் இடம் மாறுகின்றதா? இவற்றைக் குறித்துக்கொண்டு கராஜுக்குச் செல்பவர் பாதி வேலையை முடித்துக்கொண்டே செல்கின்றார்.

மிகிந்தலையின் குன்று இடையில் தோன்றி மறைய, தம்புள்ளை தாண்டி, நாலந்தாவுக்குப் பின் மலைகள் நெருங்கி வர, அன்று இரவு கண்டியை அடைந்தோம். மறுநாட் காலை கம்பளை, புசல்லாவை வழியாக றம்பொடை ஏற்றம். தேயிலைச் சரிவுகளின் மேல் முகில் தவழ்ந்தது. கார் மூச்சுவாங்கி ஏறியது. ஆனால் அம்மாவின் காலடியில் யாதொரு ஓசையும் இல்லை. எல்லவிலிருந்து இறங்கும்போது தம்பி கீழ்க் கியரிலேயே காரைப் பிடித்து, பிரேக்கை அளவோடு தொட்டு வந்தான். யன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். வளைவொன்றைக் கடந்ததும், வேறெந்தச் சத்தமும் குறுக்கிடாமல், இராவணன் அருவியின் இரைச்சல் முழுமையாக வந்து எம்மை எதிர்கொண்டது.

வெல்லவாயவில் தேநீருக்காக நின்றபோது, தம்பி இரு பின்சக்கரங்களின் அருகேயும் புறங்கையைக் கொண்டுசென்று பார்த்தான். அவ்வளவு இறக்கம் இறங்கிய பின் சூடு இருக்கத்தான் செய்யும், இருந்தது. ஆனால் இரண்டிலும் ஒரேயளவு. பெரியப்பாவும் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்து, தாமும் ஒருமுறை சோதித்துத் திருப்தியடைந்தார்.

கதிர்காமத்தை அடைந்தபோது இரவாகிவிட்டது. கொடி அன்று காலையே ஏறிவிட்டது. மறுநாள் வைகறையில் மாணிக்க கங்கையில் நீராடி, ஈரச் சேலையோடு சந்நிதிக்கு நடந்த அம்மாவிடம், கொடியேற்றத்தைக் காணக் கொடுத்து வைக்கவில்லையே என்று பெரியப்பா மனம் வருந்திச் சொன்னார்.

“கொடி ஏறினா ஏறட்டும்,” என்றார் அம்மா. “ஆள் இஞ்சைதானே நிக்கிறார். நாங்களும் வந்திட்டம்.”